தினமும் நாலு வரி



ஜனவரியில் கடைக்காரர்கள் கொடுக்கும் டைரி நம் வீடுகளில் என்ன ஆகிறது? பால் கணக்குக்கும் பேரப்பிள்ளைகளின் கிறுக்கலுக்கும் போகிறது. அதில் தினமும் நாலு வரி எழுதுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

"டைரி எழுத நாம என்ன பெரிய ஆளா சார்?" என்பார்கள். பெரிய ஆளுக்கும் அது மனபாரம் இறக்கும் இடம்தான். புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, வியாபாரம், ஊர் வம்பு எல்லாம் அதில் உண்டு. டூப்ளேயின் மனைவிக்கும் அவருக்கும் ஆகாது. அந்தப் பதவியில் இருந்துகொண்டு வெளியே எவ்வளவு பேசிவிட முடியும்? தாளிடம் பேசினார். இன்று அது வரலாற்று ஆவணம். அன்று அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நம் காஞ்சிபுரத்துக்கு வருவோம். கோர்வைப் புடவைக்குக் கரை கோக்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் பல வீடுகளில் அந்த ஆள் பள்ளிக்கூடப் பிள்ளைதான். "ரெண்டு நாள்தான் சார் லீவு" என்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் 11 நாள் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனசு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் கணக்குப் போடும். எழுதி வைத்த தேதி அப்படிச் செய்யாது.

கூலி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வாங்கிய முன்பணம், பிடித்தது, ஜரிகை எடை எல்லாம் முதலாளி நோட்டில் இருக்கும். நெய்பவர் வீட்டில் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். தகராறு வந்தால் யார் பேச்சு நிற்கும்?

உடம்பும் அப்படித்தான். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி. "எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்டால் விழிக்கிறோம். தேதி இருந்தால் பதில் இருக்கும்.

அழகாக எழுத வேண்டாம். பிழை பார்க்க இங்கே வாத்தியார் யாரும் இல்லை. தேதி, வரவு செலவு, உடம்பு எப்படி, மனசில் உறுத்தியது ஒன்று. இவ்வளவு போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். யாரும் படிப்பார்களோ என்ற பயம் இருந்தால் பீரோவில் பூட்டி வையுங்கள்.

ஊருக்காக முகநூலில் இத்தனை எழுதுகிறோம். நமக்காக நாலு வரி எழுதக் கூடாதா? இன்று இரவே தொடங்குங்கள். ஏற்கெனவே எழுதுகிறவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே சொல்லுங்கள்.