அரசுகளின் பிணக்கும் நம் பிரயாணமும்

விடுமுறை நெருங்கினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் இரண்டு யோசனைகள் எழுவது வழக்கம். ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டில் பிள்ளைகளை விட்டு வருவதா, அன்றிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் புதிய தேசம் ஒன்றைப் பார்த்து வருவதா என்பவை அவை. சில ஆண்டுகளாக மூன்றாவது யோசனை ஒன்றும் உடன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் போக எண்ணும் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் இப்போது உறவு எப்படி? பிணக்கு இருக்கும்போது அங்கே போவது தேசத்துக்கு இழைக்கும் குற்றமாகுமா? அன்பர் சிலர் இதைப் பற்றி இப்பகுதியில் எழுதும்படி கேட்டிருக்கின்றனர்.

பொதுப்படப் பேசிப் பயனில்லை. நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரித் தொடக்கத்தில் நம் பிரதமர் இலட்சத்தீவுக்குச் சென்று அக்கடற்கரையின் படங்களை வெளியிட்டார். அதையொட்டி மாலத்தீவு அரசின் துணை அமைச்சர் மூவர் அவரையும் நம் நாட்டையும் இழித்து எழுதினர். முந்திய ஆண்டின் இறுதியில்தான் அங்கே புதிய அதிபர் பதவியேற்று, இந்தியப் படையினர் வெளியேற வேண்டுமென்று கூறியிருந்தார். ஆகவே நெருப்பு முன்பே புகைந்துகொண்டிருந்தது. அம்மூவரையும் அந்த அரசு ஜனவரி 7ஆம் தேதியே இடைநீக்கம் செய்தும் இங்கே மூண்ட சினம் ஆறவில்லை. மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்னும் முழக்கம் கைப்பேசிதோறும் பரவிற்று. பிரயாண ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்று அந்நாட்டுக்கு விமானச் சீட்டு விற்பதையே நிறுத்திற்று. 2023இல் அங்கே சென்ற இந்தியர் ஏறத்தாழ 2,09,000 பேர். அயல்நாட்டுப் பயணிகளுள் நம்மவருக்கே முதலிடம். 2024இல் அத்தொகை ஏறத்தாழ 1,30,000 ஆக இறங்கிற்று.

அதே மாதங்களில் நம் அரசு என்ன செய்தது? இதைப் பலர் கவனிக்கவில்லை. மாலத்தீவுக்கு அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை முதலியவற்றை ஆண்டுதோறும் ஒரு வரையறைக்குள் அனுப்பும் ஏற்பாடு 1981 முதல் இருந்து வருகிறது. 2024 ஏப்ரலில் நம் அரசு அந்த வரையறையை அதுவரை இல்லாத அளவுக்கு உயர்த்திற்று. முட்டை மட்டும் 42 கோடிக்கு மேல்! நாமக்கல் பண்ணை முட்டை மாலத்தீவுக்குப் போவதும், தூத்துக்குடித் தோணிகள் அங்கே சரக்கு ஏற்றிச் செல்வதும் நம்மவர் அறிந்த சங்கதிகளே. பிணக்கின் உரிமையாளராகிய அரசு, அத்தீவினரின் அடுப்பை அணைக்க விரும்பவில்லை. முட்டை போகலாம், முட்டை தின்கிறவன் போகலாகாது என்பது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். 2024 அக்டோபரில் அந்த அதிபரே டில்லிக்கு வந்தார். 2025 ஜூலையில் மாலத்தீவின் 60ஆவது சுதந்திர தின விழாவுக்கு நம் பிரதமர் சிறப்பு விருந்தினராகச் சென்றார். பிணங்கியோர் கூடிவிட்டனர். முன்பணத்தை இழந்து, பிள்ளைகளின் விடுமுறையையும் இழந்து வீட்டில் இருந்தவருக்கு அவற்றை யாரும் திருப்பித் தந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

“நம் பணம் நம்முடையது, நம்மை ஏசுகிறவன் கையில் அதை ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. புறக்கணிப்பு அங்கே உறைக்காமலும் போகவில்லை. 2024 மே மாதம் அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சர் இந்தியர் மீண்டும் வரவேண்டுமென்று வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார். ஆனால் அவ்வாண்டில் மாலத்தீவுக்கு வந்த மொத்தப் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினர். முதலிடம் சீனருக்குப் போயிற்று. அறைகள் பெரிதும் காலியாகக் கிடக்கவில்லை. அப்படியே காலியாகக் கிடந்தாலும் முதலில் வேலை இழப்பவர் ஏசிய அமைச்சரல்லர். படுக்கை விரிப்பவரும் படகு ஓட்டுகிறவருமே. அத்தீவுகளில் அவ்வேலை செய்வோருள் வங்காளதேசத்தாரும் நம் நாட்டாரும் கணிசமானவர்.

துருக்கியின் செய்தி இதனினும் கடுமையானது. 2025 மே மாதம் நமக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை மூண்டபோது துருக்கியும் அசர்பைஜானும் பாகிஸ்தானின் பக்கம் நின்றன. உடனே அவ்விரு நாடுகளுக்கும் போக இருந்த பல்லாயிரவர் பின்வாங்கினர். இது வெறும் வசைச்சொல் அன்று. “எங்கள் வீட்டுப் பிள்ளை எல்லையில் இருக்கிறான், அங்கே போய் மகிழ மனம் வரவில்லை” என்று ஒரு தாய் சொன்னால் அவருக்கு மறுமொழி சொல்ல யாரால் இயலும்? மனம் ஒப்பாத இடத்துக்குப் போகாதிருப்பது அந்த வீட்டாரின் உரிமை. நாம் மறுப்பது வேறொன்றை. தான் போகாததோடு அமையாமல், மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டாரை நிறுத்தி, “நீங்கள் இன்னும் சீட்டை ரத்துசெய்யவில்லையா?” என்று தேசபக்திக்குப் பரீட்சை வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதைத்தான்.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து வாழ்கிறவர்கள் இதில் மற்றவரினும் எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர்கள். அரசுகளின் வழக்கு வீட்டு வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டியதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர், உயிர்கள் போயின, குடும்பம் குடும்பமாக மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 2016 செப்டம்பரில் அதே நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. சென்னையில் கர்நாடகத்தாரின் உணவகம் ஒன்று தாக்கப்பட்டது. அங்கே அடிபட்ட நம்மவரும் சரி, இங்கே கண்ணாடி உடைந்த கடைக்காரரும் சரி, எந்த அணையையும் திறந்தவருமல்லர், மூடியவருமல்லர். அவை நாடுகளுக்கிடையே நேர்ந்தவை அல்ல. சுற்றுலாவை விடுவதும் பேருந்தை எரிப்பதும் ஒன்றல்ல. எனினும் அரசின் குற்றத்தை அந்த அரசின் கீழ் வாழும் ஆளின் கணக்கில் எழுதும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

நிற்க. அபாயம் என்பது வேறு விஷயம். ஒரு நாட்டுக்குப் போகவேண்டாமென்று வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்தினால் அங்கே வாதத்துக்கு இடமில்லை. அவ்வறிவுரையை மீறிப் போனவருக்குப் பிரயாணக் காப்பீடு கைகொடுக்காமலும் போகலாம். அரசே வழியை அடைத்துவிட்டாலும் அப்படித்தான். கைலாச யாத்திரை 2020 முதல் ஐந்து ஆண்டுகள் நடைபெறவில்லை. 2025இல் 750 பேரை அனுப்பும் ஏற்பாட்டுடன் மீண்டும் தொடங்கிற்று. இடையில் முதுமை எய்திவிட்டவர்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் சிறியவை அல்ல.

புறக்கணிப்பு எல்லாமே வீண் என்று நாம் சொல்வதாகவும் கொள்ளவேண்டாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குக் கடவுச்சீட்டு இல்லாமலே நம் கரையிலிருந்து படகுகள் செல்லும். இரு கரைத் தமிழரும் ஒன்றாய் அமர்ந்து ஆராதிக்கும் இடம் அது. உறவினர் ஒருவரையொருவர் காண்பதும் அங்கேதான். 2024 பிப்ரவரியில் இலங்கை நீதிமன்றம் நம் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தபோது, இராமேசுவரம் மீனவர் அவ்வாண்டுத் திருவிழாவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தனர். சிறையில் இருந்தவர் அவர்களுடைய ஆட்கள். பிடிபட்ட படகு அவர்களுடைய சொத்து. விட்டுக்கொடுத்ததும் அவர்களுக்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் நாள். அடிபட்டவன் தன் வாயைக் கட்டி நோன்பிருப்பதற்கும், வேடிக்கை பார்ப்பவன் பிறனைப் பட்டினி போடச் சொல்வதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. 2025 மார்ச்சில் மீனவர் வழக்கு தீர்ந்துவிடவில்லை, கைதுகளும் நிற்கவில்லை. எனினும் அவ்வாண்டு 3,000க்கு மேற்பட்டோர் மீண்டும் படகேறித் திருவிழாவுக்குச் சென்று வந்தனர்.

இவ்விடுமுறைக்கு அயல்நாடு செல்ல ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுத் தயங்கி நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். கைப்பேசிச் செய்தியைக் கண்ட இரவே சீட்டைக் கைவிட வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பை முதலில் படியுங்கள். எந்தத் தேதிவரை ரத்துசெய்தால் எவ்வளவு பிடித்தம் என்று விமான நிறுவனத்திடமும் விடுதியிடமும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அத்தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, வீட்டுப் பெரியவர்களோடும் விவரம் அறிந்த பிள்ளைகளோடும் கலந்து உங்கள் முடிவைச் செய்துகொள்ளுங்கள்.