கைத்தொலைபேசி வைத்தியமும் தீராத வலியும்

பால்மரக் காட்டில் பாடுபடுகிறவர்களுக்கு வலியைப் பற்றி யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், குனிந்தும் நிமிர்ந்தும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் பால்வாளி சுமந்த உடம்பு அது. இடுப்பும் தோள்பட்டையும் மணிக்கட்டும் முழங்காலும் நாற்பது வயதிலேயே முறையிடத் தொடங்கிவிடுகின்றன. நாளெல்லாம் மேசைமீது கவிழ்ந்து கணக்கெழுதும் கிராணிமாருக்கும் கழுத்துவலி புதிதல்ல.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். காயம் ஆறிய பின்னும் அது தொடரலாம். எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்ற பழியும் அதனாலேயே வந்து சேருகிறது. இந்த வலி ஓர் ஊசியோடு தீர்வதில்லை. முறையான தேகப்பயிற்சி, நல்ல உறக்கம், மனத்தெளிவு, அளவான மருந்து, இவற்றோடு திரும்பத் திரும்ப வைத்தியரின் ஆலோசனையும் வேண்டும். அந்தத் "திரும்பத் திரும்ப" என்ற இடத்தில்தான் தொழிலாளி தோற்றுப் போகிறான்.

நாமறிந்த ஓர் அம்மாள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். இடுப்புவலிக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவருக்கு ஒரு முழு நாள் வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் பிரஜைகளுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் வாடகைக் காருக்குக் கொடுத்ததும் இழந்த நாட்சம்பளமும் அதைப்போல் பல மடங்கு. டாக்டர் பேசியதோ பத்து நிமிஷம். அன்று செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியது, இந்தத் தலையங்கத்தை எழுதும் இதே கைதான். மூன்றாவது தவணைக்கு அவர் போகவேயில்லை.

இத்தகையோருக்குக் கைத்தொலைபேசி வழியாக டாக்டரைப் பார்ப்பது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, வீட்டிலிருந்தபடியே வைத்திய ஆலோசனை பெறுவதை நாடே பழகிக்கொண்டது. வலிக்கும் இது ஓரளவு உதவும். தொலைவிலிருந்து தரப்படும் மனப்பயிற்சிச் சிகிச்சையைப் பற்றி 2023-ல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் சிகிச்சையால் வலியும் முடக்கமும் சிறிதளவு குறைகின்றன என்பது அதன் முடிவு. சிறிதளவு என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரக்காரர்கள் சொல்லும் அற்புதம் ஒன்றுமில்லை. ஆயினும் வலியோடு உளி பிடிப்பவனுக்குச் சிறிதளவும் பெரிதுதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். திரைக்குள் இருக்கும் டாக்டர் முதுகெலும்பைத் தொட்டு அழுத்திப் பார்க்க முடியாது. காலின் பலத்தைச் சோதிக்க முடியாது. வலியோடு கால் மரத்துப் போனாலும், பலம் குன்றினாலும், சிறுநீர் அடைபட்டாலும் அல்லது அடங்காமல் போனாலும், காய்ச்சலோ காரணமில்லாத உடல் மெலிவோ கண்டாலும் தொலைபேசியில் பேசிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை ஒவ்வொரு லயத்திலும் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

அலை எட்டாத காட்டுக்குள் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். நல்ல கருவி வாங்க வசதியில்லாதவர், எழுத்துக் கூட்டி வாசிக்கும் முதியவர், நம்மோடு உழைக்கும் பிறநாட்டுத் தோழர், இவர்களுக்கெல்லாம் அந்தச் செயலியின் பாஷையே ஒரு மதில்சுவர். ஒரே அறையில் குடும்பமே வசிக்கும் வீட்டில் ஒரு பெண் தன் உடல் உபாதையை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

சட்டத்தில் உள்ள ஒரு நுட்பத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, வைத்தியர் "பரிசோதித்த பிறகு" சம்பளத்தோடு நோய்விடுப்பு உண்டு என்கிறது. அந்தப் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். திரையில் பார்ப்பது பரிசோதனையாகுமா? தனக்கு லாபமானபோது "ஆகும்" என்றும், தொழிலாளி சீட்டு நீட்டும்போது "ஆகாது" என்றும் ஒரு நிர்வாகம் சொன்னால் என்ன செய்வது? 1997-ல் நிறைவேறிய தொலைமருத்துவச் சட்டம், 2020-ல் கொரோனா வந்தபோதும் அமுலுக்கு வந்திருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், சட்டம் தானாக நம்மைத் தேடி வராது என்பது விளங்கும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். முதலாவதாக, தொலைபேசி வைத்தியம் தோட்டத்து மருந்தகத்துக்கும் டிரசருக்கும் துணையாக வரட்டும். அவற்றை மூடுவதற்குச் சாக்காக வர வேண்டாம். இரண்டாவதாக, பதிவுபெற்ற டாக்டர் திரைவழி கொடுக்கும் நோய்விடுப்புச் சீட்டு செல்லுமா என்பதைக் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். மூன்றாவதாக, அலை கிடைக்கும் ஓர் அறையும் ஒரு நல்ல கருவியும், தமிழில் உதவ ஓர் ஆளும் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். அங்கே கதவு சாத்திப் பேச வசதி வேண்டும். நான்காவதாக, தொழிலாளி டாக்டரிடம் சொன்னது துரையின் மேசைக்குப் போகக்கூடாது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்து, பொதுவாக நோயாளியின் வெளிப்படையான சம்மதத்தைக் கேட்கிறது. இடுப்புவலி என்று சொன்னவரை அடுத்த மாதம் வேலையிலிருந்து கழித்துவிடும் வழியாக இது மாறிவிடக்கூடாது.

ஐந்தாவது கோரிக்கை நம்மைப் போன்ற கிராணிமாருக்கு. செக்ரோலில் "வரவில்லை" என்று எழுதுமுன், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்போம்.

புதுக்கருவி எதையும் நாம் வெறுக்கவில்லை. ஆனால் அது மிச்சப்படுத்தும் பயணமும் பணமும் தொழிலாளிக்குச் சேர வேண்டுமே தவிர, நிர்வாகத்தின் கணக்கில் மட்டும் ஏறக்கூடாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேசுங்கள். வலியுள்ளவர்களையே முதலில் பேசச் சொல்லுங்கள்.