மேலாண்மை ஆலோசகர் பணி: ஏணியின் முதற்படி எங்கே?

எஸ்.டி.பி.எம். முடித்து வணிகவியல் பயிலச் செல்லும் மாணவர் சிலர், மேலாண்மை ஆலோசகர் ஆவதே தம் கனவு என்கின்றனர். மெக்கின்சி, டெலோய்ட் போன்ற நிறுவனங்களின் பெயர் அவர்களை ஈர்க்கின்றது. அத்தொழிலுக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம், 2024 முதல் 2034 வரை அந்நாட்டில் இப்பணி 9 விழுக்காடு வளரும் என மதிப்பிட்டுள்ளது. அனைத்துத் தொழில்களின் சராசரி வளர்ச்சியோ 3 விழுக்காடுதான்.

ஆயினும், தொழில் வளர்வது வேறு. புதியவருக்குக் கதவு திறப்பது வேறு. தரவு திரட்டுதல், அட்டவணை அமைத்தல், அறிக்கைக்கு வரைவு எழுதுதல் ஆகியனவே இளையோரின் தொடக்கப் பணிகள். அவற்றுள் பெரும்பகுதியை இன்று செயற்கை நுண்ணறிவு விரைந்து முடிக்கின்றது. மெக்கின்சி 2023இலேயே 'லில்லி' எனும் சொந்தக் கருவியைத் தன் பணியாளர்களுக்கு அளித்துவிட்டது.

அப்படியானால் கருவி மட்டும் போதுமா? டெலோய்ட் நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆஸ்திரேலிய அரசுக்கு உருவாக்கிய அறிக்கையில், உலகில் இல்லாத ஆய்வுகள் சான்றாகக் காட்டப்பட்டிருந்தமை 2025இல் அம்பலமாயிற்று. ஏறத்தாழ 440,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்நிறுவனம் திருப்பித் தர நேர்ந்தது.

ஆகவே, எழுதத் தெரிந்தவரைவிடச் சரிபார்க்கத் தெரிந்தவரே இனித் தேவைப்படுவார். மாணவர்களே! தொழிற்சாலையோ, மருத்துவமனையோ, வங்கியோ, முதலில் ஒரு துறையை உள்ளிருந்து கற்றுக்கொள்ளுங்கள். கணக்கைக் கூர்ந்து பாருங்கள். தயங்காமல் கேள்வி கேளுங்கள். துறையறியாதவர் கூறும் ஆலோசனையை இயந்திரமே கூறிவிடும். துறையறிந்தவர் சொல்லுக்கே இனி விலை உண்டு!