அந்த ஸ்ட்ரிங் யார் எழுதினது?

கால்குலேட்டர் மினி புராஜெக்ட் பண்ணாம இந்த காலேஜைத் தாண்டினவங்க யாராவது இருக்கீங்களா? பட்டன் வச்சு, டிஸ்ப்ளே வச்சு, கடைசியில் '=' அழுத்தினா ஒரே வரி: இவால். கொடுத்த ஸ்ட்ரிங்கை ஜாவாஸ்கிரிப்ட் கோடாகவே ஓட்டி விடையைக் கையில் கொடுத்துவிடும். வைவாவில் "இவால் யூஸ் பண்ணக் கூடாது" என்பார்கள். ஏன்னு நாமும் கேட்கிறதில்லை. அவுட்புட் வந்தாச்சு, மார்க் வந்தாச்சு.

என்னைக் கேட்டால், அந்த கால்குலேட்டரில் இவால் இருந்தது பெரிய குற்றமே இல்லை. டைப் பண்றது நீங்க, ஓடுறது உங்க பிரௌசர். உங்களை நீங்களே ஹேக் பண்ணிக்கலாம், அவ்வளவுதான். ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் பிரௌசரில் ஓட ஆரம்பிக்கும்போதுதான் வினை.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருடம் ஹாஸ்டலில் செலவைப் பிரிக்க ஒரு சைட் செய்தோம். தொகைக் கட்டத்தில் 450/3+20 என்று அப்படியே எழுதலாம். அதை அப்படியே சேமித்து வைப்போம். பேஜைத் திறக்கிறவங்க போனில் இவால் கணக்குப் போடும். எங்களுக்கு ஒரே கெத்து. ஒரு நாள் திறந்தால் என் பெயரில் 'டீ, 5000 ரூபாய்' என்று ஒரு கடன்! பக்கத்து ரூம் நண்பன் தொகைக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக நாலு வரி கோட் எழுதியிருந்தான். நான் பேஜைத் திறந்ததும் அது என் போனில், என் லாகினோடு ஓடி, என் கைப்படவே கடனை எழுதிவிட்டது. அவன் விளையாட்டுக்குச் செய்தான். லோக்கல் ஸ்டோரேஜில் இருந்த லாகின் டோக்கனைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் எங்க வீரத்தைப் பாருங்க. முதலில் சில சொற்களைத் தடை செய்தோம். தாண்டி வந்தான். சரி, ஆங்கில எழுத்தே கூடாது என்றோம். அதையும் தாண்டினான். ஜாவாஸ்கிரிப்டில் எந்த கோடையும் [ ] ( ) ! + என்ற ஆறு குறிகளை மட்டும் வைத்தே எழுதிவிடலாம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் இவாலைத் தூக்கிவிட்டு, எண்ணும் நாலு கணக்குக் குறியும் அடைப்புக்குறியும் மட்டும் புரிகிற ஒரு சின்ன பார்சர் எழுதினோம். வேறு எது வந்தாலும் எரர். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் படித்து மறந்த இன்ஃபிக்ஸ் டு போஸ்ட்ஃபிக்ஸ்தான், வேறொன்றுமில்லை. அது எதுக்குன்னு மூணு செமஸ்டர் கழிச்சுதான் புரிஞ்சுது.

யோசித்துப் பார்த்தால், நாம் இவால் போடுகிற பாதி இடங்களில் அதற்கு வேலையே இல்லை. ஆப்ஜெக்டிலிருந்து வேரியபிளில் உள்ள பெயரை வைத்து மதிப்பை எடுக்கணுமா? சதுர அடைப்பு போதும். ஜேசானைப் பிரிக்கணுமா? அந்தக் காலத்தில் அதற்கும் இவால்தான். 2009-இல் வந்த ஈஎஸ்5-இலேயே ஜேசான் பார்ஸ் சேர்ந்துவிட்டது, பழைய டுடோரியல்தான் இன்னும் மாறவில்லை. செட் டைம்அவுட்டுக்கு ஸ்ட்ரிங் கொடுப்பதும், நியூ ஃபங்ஷனும் இதே குடும்பம்தான், பெயர்தான் வேற.

நோட் சர்வரில் யூசர் கொடுத்ததை இவால் பண்ணினால் கதையே வேற. அங்கே போவது ஒருத்தர் லாகின் இல்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட மொத்த சர்வர். அங்கே எனக்கு விதிவிலக்கே கிடையாது. பிரௌசரில் உண்டு: கோட் எழுதி ஓட்டிப் பார்க்கிற சைட் மாதிரி, ஓட்டுவதே வேலையாக இருந்தால். அப்பவும் சாண்ட்பாக்ஸ் போட்ட தனி ஐஃப்ரேமுக்குள்ளே.

ஃபைனல் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க சைட்டில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி போட்டுப் பாருங்க. ஸ்கிரிப்டுக்கு விதி வைத்தாலே, தனியா அனுமதி தராத வரை, இவாலை பிரௌசரே தடுத்துவிடும். எது உடையுதுன்னு பாருங்க. உடைகிற இடத்துக்கு வர்ற ஸ்ட்ரிங்கை யார் எழுதினாங்கன்னு தேடுங்க.