மீனவரும் ஆகாயத் தொடர்பும்

2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. கரையிலிருந்தோருக்கு எச்சரிக்கை முன்னதாகவே எட்டியிருந்தது. 2017-ல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலிலிருந்த குமரி மீனவர்களுக்கு அது எட்டவில்லை, மாண்டவர் பலர்.

செங்கற்பட்டு ஜில்லாவின் செல்போன் கோபுரங்கள் தரையிலுள்ளாருக்காக நாட்டப்பட்டவை. படகு சிறிது தூரம் சென்றதும் செல்போன் ஊமையாகிவிடுகிறது. இக்குறையை நீக்க இஸ்ரோ ஸ்தாபனத்தார் 2010 முதல் அபாய அறிவிப்புக் கருவிகளை வழங்கி வந்தனர். பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியே கரை சேரும். ஆனால் பதில் வராது. தன் ஓலம் எவர் செவியிலாவது விழுந்ததா என்றறியாமல் நடுக்கடலில் தவிப்பவன் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்! பதில் சொல்லும் புதிய கருவி பின்னரே வந்தது. 2024-ல் ரூ.364 கோடிச் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி பொருத்தும் திட்டத்தைச் சர்க்கார் தொடங்கினர். பாராட்டுகிறோம். ஆயினும் கட்டுமரத்தில் செல்பவனுக்கு எக்கருவி?

அவன் மடியிலுள்ள செல்போனே கருவியாதல் வேண்டும். கரையில் கோபுரத்தோடும், கடலில் செயற்கைக்கோளோடும், புயலில் கோபுரம் சாய்ந்தால் பலூனோடும் அது தானே பேச வேண்டும். இது கனவன்று. செல்போன் விதிகளை வகுக்கும் சர்வதேசச் சபையார் 2022-லேயே செயற்கைக்கோளையும் தம் விதிகளில் சேர்த்துவிட்டனர். சாதாரண செல்போனோடு நேரே பேசவல்ல அமெரிக்கச் செயற்கைக்கோளொன்றை 2025 டிசம்பரில் விண்ணேற்றியது நம் ராக்கெட்டே. ஏறிய இடமும் இதே கீழைக்கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவே!

வியாபாரிகளை மட்டும் நம்புவது பேதைமை. 2017-ல் போர்ட்டோரிக்கோத் தீவில் புயலால் கோபுரங்கள் விழுந்தபோது பலூன்கள் மூலம் தொடர்பு கொடுத்த அமெரிக்கக் கம்பெனி, வருமானம் கட்டாதென்று 2021-ல் அம்முயற்சியையே மூடிவிட்டது. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கமோ கட்டுமரக்காரனிடம் காசு கேட்டதில்லை.

2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி செயற்கைக்கோள் சேவைக்கான அலைவரிசை ஏலமின்றியே கம்பெனிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. பொதுஜனச் சொத்தை ஏலமின்றிப் பெறுவோர் பொதுஜனத்துக்குச் செய்யும் கைம்மாறு என்ன? புயலெச்சரிக்கையும், அபாயச் செய்தியும், அதற்குரிய பதிலும் எந்தச் செல்போனுக்கும் கட்டணமின்றிச் சென்றாக வேண்டும் என்ற ஷரத்தை லைசென்ஸிலேயே சர்க்கார் எழுதுவார்களா? நமது சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இக்கேள்வியை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எழுப்புவார்களாக.