அடக்குவதா, அடங்குவதா?

மனம் ஒரு குரங்கு என்பார்கள் பெரியோர்கள். குரங்கைக் கயிற்றால் கட்டலாம். மனத்தை எதனால் கட்டுவது? தேர்வு நெருங்கும் வேளையில், புத்தகம் கண்முன் விரிந்திருக்க, மனம் மட்டும் ஊர் சுற்றி வருவதை அறியாத மாணவி உண்டோ?

இதற்கு மருந்து யோகம் என்று பலரும் கூறுகின்றனர். 2014-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21-ஆம் நாளை யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அந்நாளில் பல பள்ளிகளில் பாய் விரித்து ஆசனங்கள் செய்கிறார்கள். நல்லதே. ஆனால் உடலை வளைப்பது மட்டுந்தானா யோகம்?

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் நான்கு பாதங்களைக் கொண்டது. அதிலுள்ள 195 சூத்திரங்களில் ஆசனத்தின் இலக்கணம் கூறுபவை மூன்றே மூன்று. உறுதியாகவும் சுகமாகவும் அமர்ந்திருப்பதே ஆசனம் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். சித்தத்தில் எழும் அலைகள் ஓய்வதே யோகம் என்பது அவர் கருத்து.

அந்த ஓய்வை அவர் 'நிரோதம்' என்கிறார். பலர் இதனை 'அடக்குதல்' என்று மொழிபெயர்ப்பர். நூல் முழுவதையும் நோக்கினால் 'அடங்குதல்' என்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். எழுத்தில் ஒன்றே வேறுபாடு. பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! கலங்கிய நீரைக் கையால் அமுக்கினால் தெளியுமா? மேலும் கலங்கும். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, நீரை ஊற்றி ஆடாமல் வைத்தால் சேறு தானே அடியில் படியும்.

மனத்துக்குத் தேற்றாங்கொட்டை எது? யோகத்தின் எட்டு உறுப்புகளில் தியானம் ஏழாவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது இயமம்: பிறரைத் துன்புறுத்தாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், பிறர் பொருளை விரும்பாமை என்னும் ஐந்து. காலையில் தோழியைப் பற்றிப் புறங்கூறிவிட்டு, மாலையில் கண்ணை மூடி அமர்ந்தால் அமைதி எப்படி வரும்? சொன்ன பொய்யும் பட்ட பொறாமையும் அலை அலையாய் எழாதோ?

மனம் தெளிய அவர் காட்டும் இன்னொரு வழி நம் வகுப்பறைக்கென்றே சொன்னது போல் உள்ளது. இன்புற்றிருப்போரிடம் நட்பு, துன்புறுவோரிடம் இரக்கம், நல்லோரைக் கண்டு மகிழ்ச்சி, தீயோரிடம் பற்றோ பகையோ கொள்ளாமை என நால்வகை மனப்பான்மையை வளர்க்கச் சொல்கிறார். நம்மைவிட அதிக மதிப்பெண் பெற்றவளை மனமார வாழ்த்திப் பாருங்கள். எத்தனை ஆசனங்களும் தராத அமைதி அந்த ஒரு நொடியில் கிட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். தீயோரிடம் பகை கொள்ளாதே என்றால், தீமையைக் கண்டும் வாய்மூடி இரு என்று பொருளன்று. பெண்பிள்ளைகளுக்கு அடக்கத்தைப் போதிப்போர் சிலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். அநீதி நேர்ந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லத்தான் வேண்டும். தெளிந்த மனமே அஞ்சாமல் பேசும். அமுக்கி வைத்த மனம் உள்ளுக்குள் புழுங்கும்.

இது நமக்கு ஏற்றதுதானா என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். பதஞ்சலியின் தத்துவத்துக்கும் நம் விசுவாசத்துக்கும் வேறுபாடுகள் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பிற சமயங்களின் தியான முறைகளில் நல்லவற்றை ஏற்கலாம், ஆனால் உடலில் தோன்றும் அமைதியையே இறையனுபவமாகக் கருதிவிடலாகாது என்பது 1989-இல் வத்திக்கான் வெளியிட்ட மடலின் கருத்து. குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில், 1950-இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமமும் இந்நாட்டின் தியான மரபை மதித்துக் கற்ற இடமே. மேலும், காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று கற்ற நமக்கு, தியானத்துக்கு முன் நல்லொழுக்கம் என்பது புதிய பாடமா என்ன?

ஆகவே, யோக வகுப்பில் ஆசனங்களோடு இயமத்தையும் கற்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதற்குப் பதக்கம் கிடையாது. பார்த்துக் கைதட்டுவாரும் இல்லை. நெடுங்காலம், இடைவிடாது, ஆர்வத்தோடு செய்யும் பயிற்சியே வேரூன்றும் என்கிறார் பதஞ்சலி. அன்பு மாணவிகளே, நாளை பாய் விரிக்குமுன், பேசாதிருக்கும் தோழியிடம் சென்று ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் யோகம் அங்கே தொடங்கட்டும்!