முன்செல்வோரின் முதுகெலும்பு

பாலக்காட்டு வயல்களில் மாரிக்காலத்தே முழங்கும் பெருந்தவளை நமக்குப் பழகிய உயிர். அதுவே அந்தமான் தீவுகளில் குடியேறிய பின், அதன் தலைப்பிரட்டைகள் அங்குள்ள தவளைகளின் தலைப்பிரட்டைகளை விழுங்கி வருகின்றன. புதுமண் புகுந்த உயிரால் பிறர்க்கு நேரும் கேட்டை இதனால் அறிகிறோம். அவ்வுயிர் தானே கொடுக்கும் விலை யாது? ஆஸ்திரேலியத் தேரைகள் விடை கூறுகின்றன.

கரும்பை அழிக்கும் வண்டுகளை ஒழிக்கவென 1935-ஆம் ஆண்டு ஹவாயிலிருந்து ஏறத்தாழ 100 தேரைகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொணர்ந்தனர். வண்டுகள் ஒழியவில்லை, தேரைகளே பெருகின. முதலில் ஆண்டுக்கு 10 கிலோமீட்டர் அளவே பரவியவை, பின்னர் 50 கிலோமீட்டருக்கு மேலும் முன்னேறின. விரைந்தவையே முன்வரிசையில் கூடித் தம்முள் இணைந்தமையால், வழித்தோன்றல்களின் கால்களும் நீண்டன. ஆனால் 2007-இல் வெளியான ஆய்வு மற்றொன்றையும் காட்டிற்று: பெரிய தேரைகளுள் நூற்றுக்கு 10 வரை முதுகெலும்பு மூட்டழற்சியால் வருந்தின. நெடுங்கால் படைத்து முன்வரிசையில் விரைந்தவற்றையே அந்நோய் மிகுதியாகப் பற்றியது. ஓயாத பாய்ச்சலை எலும்பு தாங்கவில்லை.

போடியிலிருந்து மலையேறி, மூணாற்றுத் தேயிலைக்குத் தோள்கொடுத்த நம் முன்னோரை இவ்விடத்து நினைக்கிறோம். நின்று இளைப்பாறத் தேரை அறியாது, நாம் அறிவோம். கொழுந்துக்கூடை சுமக்கும் நம் தாய்மார் முதுகு நோகிறதென்று சொன்னால், மலைப் பிழைப்பு அப்படித்தான் என்று தள்ளிவிடாது, காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.